மலைத்துப் போய் நின்ற இடம்

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. ஆபீஸில் ஆணி அதிகம். நேற்றுதான் ரிலீஸ் முடிந்தது, இன்னைக்கு மூச்சு விட நேரம் கிடைச்சிருக்கு. பதிவு நீளமாகத்தான் இருக்கும். டீயோ காபியோ எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

முதலில் கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். 2023 பிப்ரவரியிலிருந்து எட்டு மாசம் எனக்கு சான் பிரான்சிஸ்கோவில் ஆன்சைட். கோல்டன் கேட் பாலத்துக்கு முன்னாடி பல்லைக் காட்டிக்கொண்டு நான் நிற்கும் போட்டோ இன்னும் எங்க வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. அந்தப் போட்டோவில் வராத சமாச்சாரம் என்னவென்றால், பகலெல்லாம் கிளையன்ட்டோடு மீட்டிங், ராத்திரியெல்லாம் சென்னை டீமோடு கால். மூணாவது மாசம் தூக்கம் போச்சு. நாலாவது மாசம் ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சு, கை மரத்துப் போய், இது ஹார்ட் அட்டாக்தான் என்று நானே முடிவு பண்ணி, ரூம்மேட்டை எழுப்பி எமர்ஜென்சிக்கு ஓடினேன். வயசு இருபத்தாறு! ஈசிஜி நார்மல். "இதயத்துல ஒண்ணும் இல்ல, மனசுலதான் பதற்றம், பிபியும் இந்த வயசுக்கு அதிகம்" என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். வந்த பில்லைப் பார்த்ததும் பிபி இன்னும் ஏறியது தனிக்கதை. இதெல்லாம் அம்மாவுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

அந்த மாசக் கடைசியில் லாங் வீக்கெண்ட். ரூம்மேட்கள் மூணு பேரும் யோசெமிட்டி போவதாக பிளான். நான் வரலைன்னுதான் சொன்னேன். தனியா விட்டுட்டுப் போக அவர்களுக்குப் பயம். கிட்டத்தட்ட தூக்கி வண்டியில் போட்டார்கள். ஃப்ரெஸ்னோவில் ஒரு மோட்டலில் படுத்துவிட்டு (நான் படுக்க மட்டும்தான் செய்தேன்) விடியற்காலையில் மலை ஏறினோம். ஒரு நீளமான சுரங்கப்பாதை வந்தது. நான் பின் சீட்டில் ஆபீஸ் மெயில் பார்த்துக்கொண்டிருந்தேன். சுரங்கத்துக்குள் சிக்னல் போச்சு. எரிச்சலோடு தலையைத் தூக்கவும் வண்டி வெளியே வரவும் சரியாக இருந்தது.

இடது பக்கம் எல் கேப்பிட்டன். ஒரே கல். அடியிலிருந்து உச்சிவரை கிட்டத்தட்ட 3000 அடி. வலது பக்கம் 620 அடி உயரத்திலிருந்து கொட்டும் அருவி. அந்த வருஷம் கலிஃபோர்னியாவில் பனி கொட்டோ கொட்டுன்னு கொட்டியிருந்ததால் அது அருவி மாதிரியே இல்லை, மலை உடைந்து ஒழுகுகிற மாதிரி இருந்தது. தூரத்தில் பாதியாக வெட்டி வைத்த மாதிரி ஹாஃப் டோம். வண்டியில் யாரும் பேசவில்லை. என்னமோ தெரியவில்லை, எனக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. மற்றவர்கள் பார்ப்பதற்குள் துடைத்துக்கொண்டேன். அன்னைக்கு ராத்திரி மோட்டலில் ஒன்பது மணி நேரம் தூங்கினேன்.

நிற்க. மலையைப் பார்த்ததும் நோய் தீர்ந்தது என்று வாட்ஸ்அப் ஃபார்வர்டு ரேஞ்சுக்குக் கதை விட வரவில்லை. மாத்திரையும் சாப்பிட்டேன், ப்ராஜெக்ட் மேனேஜரிடம் சண்டை போட்டு ராத்திரி கால்களையும் குறைத்தேன். ஆனால் பொட்டி தட்டுகிறவன் புத்தி என்ன? ஒரு மாற்றம் நடந்தால் அதற்கு ரூட் காஸ் தேட வேண்டும். எதனால் அழுதேன், எதனால் தூங்கினேன் என்று தோண்ட ஆரம்பித்தேன். தோண்டத் தோண்ட, அதே இடத்தில் எனக்கு முன்னாலேயே அழுத ஒருத்தர் கிடைத்தார். கதை அங்கேதான் ஆரம்பம்.

1851 மார்ச் மாசம். கலிஃபோர்னியாவில் தங்க வேட்டை உச்சத்தில் இருந்த நேரம். லட்சக்கணக்கில் வந்து குவிந்த ஆட்களுக்கும் அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கும் மோதல். பூர்வகுடிகளைப் பிடித்து ஒதுக்கிடங்களுக்கு அனுப்ப "மரிப்போசா பட்டாலியன்" என்று ஒரு தன்னார்வப் படை கிளம்பியது. ஜேம்ஸ் சாவேஜ் என்பவர் தலைமை. அந்தப் படையில் லஃபயெட் பன்னல் என்று மருத்துவம் தெரிந்த ஓர் ஆள் இருந்தார். பனியில் குதிரையை ஓட்டிக்கொண்டு, இன்றைய சுரங்கப்பாதைக்கு மேலே இருக்கிற மலைமுகட்டுக்கு வந்து சேர்ந்து, கீழே பள்ளத்தாக்கைப் பார்த்தார். உடம்பெல்லாம் ஏதோ ஒரு உன்னதமான உணர்ச்சி நிறைந்து, கண்ணில் நீர் வந்துவிட்டது என்று பிற்பாடு, 1880-ல் வந்த தன் புத்தகத்தில் அவரே எழுதியிருக்கிறார். மற்றவர்கள் கிண்டல் பண்ணியதையும் சேர்த்து.

படித்ததும் எனக்குப் பயங்கர சந்தோஷம். நூத்தி எழுபது வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தன் அதே இடத்தில் அதே மாதிரி நின்றிருக்கிறானே! அடுத்த பக்கங்களைப் படித்ததும் சந்தோஷம் வடிந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கிய படை என்ன செய்தது? அங்கே வாழ்ந்த அவானீச்சி மக்களின் குடிசைகளைக் கொளுத்தியது. குளிர்காலத்துக்கு அவர்கள் சேர்த்து வைத்திருந்த ஓக் மரக் கொட்டைகளைக் கொளுத்தியது. அதுதான் அவர்கள் சோறு. நம்ம ஊரில் நெல் குதிரைக் கொளுத்துவது மாதிரி. மே மாசம் இன்னொரு படை போனது. அந்த மக்களின் தலைவர் டெனாயாவின் மகன் ஒருவன் சுட்டுக் கொல்லப்பட்டான்.

அந்த மக்கள் தங்கள் பள்ளத்தாக்கை அவானீ என்றுதான் சொன்னார்கள். யோசெமிட்டி என்பது அக்கம்பக்கத்துக் குழுக்கள் பயத்தில் அவர்களுக்கு வைத்த பெயர், "கொல்கிறவர்கள்" என்று அர்த்தம். கரடி என்று தப்பாகப் புரிந்துகொண்டு அதையே இடத்துக்குப் பெயராக வைக்கச் சொன்னதும் நம்ம பன்னல்தான். மலை உச்சியில் ஓர் ஏரிக்கு டெனாயா என்று பெயர் வைத்துவிட்டு, ஏதோ பெரிய மரியாதை செய்த மாதிரி அதை அந்தப் பெரியவரிடமே போய்ச் சொல்லியிருக்கிறார். "அதுக்குத்தான் ஏற்கெனவே பேர் இருக்கே" என்பதுதான் அவர் பதிலின் சாரம். பைவியாக், பளபளக்கும் பாறைகளின் ஏரி. இதையும் பன்னலே எழுதி வைத்திருக்கிறார். நேர்மையான ஆள்தான். அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

பிரமிப்பு மனுஷனை நல்லவனாக்கும் என்று இன்றைக்கு நிறையப் பேர் எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். அப்படிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு பன்னல் ஞாபகம் வருகிறார்.

சரி, மேட்டருக்கு வருவோம். அழுதார், அவ்வளவுதானே? அதை ஆரோக்கியத்தோடு முடிச்சுப் போட்டது யார்? அங்கேதான் என் ஹீரோ வருகிறார். ஃபிரெடெரிக் லா ஓம்ஸ்டெட். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை கால்வர்ட் வாக்ஸ் என்பவரோடு சேர்ந்து வடிவமைத்தவர். பார்க் டிசைன் பண்ணினவர் என்றதும் ஜாலியான ஆள் என்று நினைக்காதீர்கள். 1860-ல் வண்டி விபத்தில் கால் நொறுங்கி, ஆயுசுக்கும் நொண்டி நடந்தவர். அடுத்த சில நாளில் கைக்குழந்தை செத்துப்போனது. மறு வருஷம் உள்நாட்டுப் போர் வெடித்தது. அடிபட்ட வீரர்களுக்கு மருத்துவம், சுத்தம், சாப்பாடு எல்லாம் கவனிக்கிற சானிட்டரி கமிஷனின் நிர்வாகப் பொறுப்பு இவர் தலையில். 1862-ல் ஆஸ்பத்திரிக் கப்பல்களில் கை கால் போனவர்களை ஏற்றி இறக்கினார். ராத்திரி பகலாக வேலை. இன்றைய பாஷையில் சொன்னால் முழு பர்ன்அவுட். 1863-ல் அதையெல்லாம் விட்டுவிட்டு கலிஃபோர்னியாவில் ஒரு தங்கச் சுரங்க எஸ்டேட்டுக்கு மேனேஜராக வந்தார். அதாவது அவருக்கும் ஆன்சைட் :-)

எஸ்டேட் யோசெமிட்டிக்குப் பக்கம். 1864 கோடையில் குடும்பத்தோடு அங்கே போய்த் தங்கினார். அதே வருஷம் ஜூன் 30 அன்று, நாடே ரெண்டாகப் பிளந்து அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், லிங்கன் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். யோசெமிட்டி பள்ளத்தாக்கும் மரிப்போசா ராட்சத மரத் தோப்பும் கலிஃபோர்னியா மாநிலத்துக்குக் கொடுக்கப்படுகின்றன, யாருக்கும் விற்கக் கூடாது, மக்களின் பொழுதுபோக்குக்காக எப்போதும் வைத்திருக்க வேண்டும் என்று. லிங்கன் அந்த இடத்தைப் பார்த்ததே கிடையாது. கார்ல்டன் வாட்கின்ஸ் 1861-ல் கழுதைகள் மேல் ராட்சதக் கேமராவை ஏற்றிக்கொண்டு போய் எடுத்த போட்டோக்கள் கிழக்கே பரவியிருந்தது ஒரு காரணம் என்று சொல்வார்கள். அந்த இடத்தை நிர்வகிக்க அமைத்த கமிஷனுக்குத் தலைவர் ஓம்ஸ்டெட்.

1865 ஆகஸ்டில், பள்ளத்தாக்கிலேயே கூடிய கமிஷன் உறுப்பினர்கள் முன்னால் அவர் ஓர் அறிக்கை படித்தார். போர் முடிந்து நாலு மாசம்தான் ஆகியிருந்தது. அந்த அறிக்கையை முழுசாகப் படித்தேன். கவிதையெல்லாம் எழுதவில்லை மனுஷன். ஒரு சுகாதார அதிகாரி எழுதுகிற மாதிரி எழுதியிருக்கிறார். அவர் வாதம் சுருக்கமாக இதுதான்: மனதைத் தொடுகிற பெரிய இயற்கைக் காட்சிகளை அவ்வப்போது பார்ப்பது உடம்புக்கும், அதைவிட அறிவுக்கும் நல்லது, இது அறிவியல் உண்மை. எப்போது பார்த்தாலும் எதிர்காலக் கணக்கும் கவலையும் போட்டுக்கொண்டே இருக்கிற மூளைக்கு, ஓர் உபயோகமும் கருதாமல் அந்த நிமிஷத்துக்காகவே பார்க்கிற ஒரு காட்சி வேண்டும். அது மூளைக்கு வேலையும் கொடுக்கும், களைப்பும் தராது. கிடைக்காவிட்டால் மனச்சோர்வு, எரிச்சல், மூளைக் கோளாறு எல்லாம் வரும். அந்தக் காலத்து மருத்துவம் என்பதால் நோய்ப் பட்டியல் கொஞ்சம் ஓவர்தான். "மூளை இளகல்" எல்லாம் இருக்கிறது. ஆனால் அடிப்படை லாஜிக்கைப் பாருங்கள்.

அதற்கப்புறம் போடுகிறார் ஒரு போடு. பிரிட்டனில் அழகான இடங்களையெல்லாம் பணக்காரர்கள் வேலி போட்டு வைத்துக்கொண்டு தாங்களும் தங்கள் விருந்தாளிகளும் மட்டும் அனுபவிக்கிறார்கள். வேலை செய்து ஓய்கிற ஜனங்களுக்குத்தான் இந்த மருந்து அதிகம் தேவை, அவர்களுக்குத்தான் அது கிடைப்பதில்லை. ஆகவே இப்படிப்பட்ட இடங்களை எல்லாருக்குமாகக் காப்பாற்றி வைப்பது அரசாங்கத்தின் கடமை, தர்மம் கிடையாது. பிரமிப்பை ரேஷன் கடை அரிசி மாதிரி உரிமையாகப் பேசிய முதல் ஆள் எனக்குத் தெரிந்து இவர்தான். இப்போது வருஷத்துக்குச் சில நூறு பேர் வருகிறார்கள், நூறு வருஷத்தில் லட்சம் லட்சமாக வருவார்கள், அதை மனசில் வைத்து இப்போதே திட்டம் போடுங்கள் என்றும் சொன்னார். 1954-ல் யோசெமிட்டிக்கு வந்தவர்கள் எண்ணிக்கை ஒரு வருஷத்தில் பத்து லட்சத்தைத் தாண்டியது. எஸ்டிமேஷன் என்றால் இது எஸ்டிமேஷன். நாமளும் போடுறோமே, ரெண்டு வார வேலைக்கு!

அறிக்கை என்ன ஆனது? அமுக்கிவிட்டார்கள். பாதை போடவும் பராமரிக்கவும் 37,000 டாலர் கேட்டிருந்தார். அந்தப் பணம் போனால் மாநில நில ஆய்வுத் துறைக்கு வர வேண்டிய பங்கு குறையும் என்று கமிஷனில் இருந்த அந்தத் துறைக்காரர்களே பயந்தார்கள். சட்டசபைக்கு அறிக்கை போகவே இல்லை. ஓம்ஸ்டெட்டும் கிழக்கே திரும்பிவிட்டார். 1952-ல் லாரா வுட் ரோப்பர் என்ற ஆய்வாளர்தான் துண்டு துண்டாகக் கிடந்ததைத் தேடி எடுத்துச் சேர்த்து அச்சில் கொண்டுவந்தார். எண்பத்தேழு வருஷம்! பட்ஜெட் சண்டையில் நல்ல டாகுமென்ட் காணாமல் போவது ஐடி கம்பெனி வருவதற்கு முன்னாலேயே இருந்திருக்கிறது.

ஓம்ஸ்டெட் போட்ட வாதத்துக்கு உயிருள்ள உதாரணம் மூணு வருஷம் கழித்து நடந்தே வந்து சேர்ந்தது. ஜான் மியூர். இவரைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், தாடியும் தடியுமாக சாமியார் ரேஞ்சுக்கு ஆக்கிவிட்டார்கள். எனக்குப் பிடித்தது அவர் ஒரு மெக்கானிக் என்பதுதான். 1838-ல் ஸ்காட்லாந்தில் பிறந்து, பதினோரு வயதில் அமெரிக்காவில் விஸ்கான்சினுக்கு வந்து, கண்டிப்பான அப்பாவிடம் பண்ணையில் மாடாக உழைத்தவர். ராத்திரியில் மரத்தைச் செதுக்கிக் கடிகாரம் செய்தார். குறித்த நேரத்துக்கு ஆளைக் கட்டிலோடு சாய்த்து எழுப்பிவிடுகிற ஒரு இயந்திரக் கட்டிலும் செய்தார். எனக்கு ஒன்று கிடைத்தால் தேவலை. இண்டியானாபொலிஸில் வண்டிச் சக்கரம் செய்கிற தொழிற்சாலையில் வேலை. 1867 மார்ச்சில் இயந்திரத்தின் பெல்ட்டைக் கழற்றும்போது கையிலிருந்த அரம் வழுக்கி வலது கண்ணில் குத்திவிட்டது. பின்னாடியே இடது கண்ணும் மங்கிவிட்டது. இருபத்தெட்டு வயசு. என் வயசு. இருட்டு அறையில் வாரக்கணக்கில் படுக்கை. இனி வெளிச்சமே இல்லை என்று நினைத்தவருக்கு மெல்ல மெல்லப் பார்வை திரும்பியது. இயந்திரங்களுக்கு அன்றைக்குப் போட்டார் கும்பிடு.

கென்டக்கியிலிருந்து ஃபுளோரிடா கடற்கரைவரை நடந்தார். அங்கே மலேரியா வந்து சாகக் கிடந்தார். 1868 மார்ச்சில் கப்பலில் சான் பிரான்சிஸ்கோவில் வந்து இறங்கி, ஊருக்கு வெளியே போக வழி கேட்டு, அங்கிருந்து யோசெமிட்டிக்கு நடையாகவே போனார். (நாங்கள் காரில் போயே முதுகு போச்சு.) ஒரு கோடை முழுக்க ஆட்டு மந்தையோடு சுற்றினார், மர அறுவை மில்லில் வேலை செய்தார். பாறையில் இருக்கிற கீறல்களையும் மெருகையும் பார்த்து, இந்தப் பள்ளத்தாக்கைச் செதுக்கியதில் பனியாறுகளுக்குப் பெரிய பங்கு உண்டு என்று 1871-ல் நியூயார்க் பத்திரிகையில் எழுதினார். தரை மொத்தமாக உள்வாங்கியதுதான் காரணம் என்று அடித்துச் சொன்ன மாநில நிலவியல் தலைவர் ஜோசையா விட்னி இவரை ஆடு மேய்க்கிறவன் என்று நக்கல் பண்ணினார். பனியாறு விஷயத்தில் ஆடு மேய்க்கிறவர் ஜெயித்தார்.

1872 மார்ச் 26, விடியற்காலை ரெண்டரை மணி. பெரிய பூகம்பம். மியூர் பள்ளத்தாக்கில் தன் குடிசையில் தூங்கிக்கொண்டிருந்தார். வெளியே ஓடி வந்தார், நிலா வெளிச்சத்தில் ஒரு பாறைமுகடு உடைந்து நெருப்புப் பொறி பறக்கச் சரிவதைப் பார்த்தார். பயத்தில் நடுங்கிக்கொண்டே சந்தோஷத்தில் கத்தியதாக எழுதியிருக்கிறார். பூகம்பத்தைப் பாராட்டிக் கத்தியிருக்கிறார் மனுஷன்! பக்கத்தில் இருந்தவர்கள் ஊரைக் காலி பண்ணிக்கொண்டு ஓடும்போது, இவர் புதுசாக விழுந்த பாறைக் குவியல் சூடு ஆறுவதற்குள் அதன் மேல் ஏறிப் பார்த்தார். எனக்கு இந்த இடம் முக்கியமாகப் படுகிறது. பிரமிப்பு என்பது வெறும் "வாவ், சூப்பர் வியூ" இல்லை. அதில் பயம் கலந்திருக்கிறது. நம்மைத் தூக்கிச் சாப்பிடக்கூடிய ஒன்றின் முன்னால் நின்றும் ஓடாமல் இருப்பது. நம்ம தமிழிலேயே மலையைப் பார்த்து மலைச்சுப் போறோம், மலைப்பு என்றாலே கொஞ்சம் தயக்கமும் பயமும் உள்ளே இருக்கிறது.

இங்கே ஒரு சின்னப் பக்கவாட்டுப் பாதை. தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஒரு பகுதி. எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்று மருட்கை, அதாவது வியப்பு. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்று நாலு விஷயத்தில் அது பிறக்கும், நம் அறிவுக்குள் அடங்காததாக இருக்கும் என்கிறார் தொல்காப்பியர். 2003-ல் டேக்கர் கெல்ட்னர், ஜொனதன் ஹைட் என்ற ரெண்டு உளவியலாளர்கள் பிரமிப்புக்கு வரையறை கொடுத்தார்கள். ஒன்று, ரொம்பப் பெரிதாக இருக்க வேண்டும். ரெண்டு, நம் மனதில் ஏற்கெனவே இருக்கிற சட்டகத்துக்குள் அது அடங்காமல் சட்டகத்தையே மாற்ற வைக்க வேண்டும். கிட்டத்தட்ட அதேதான்! "எல்லாம் நம்ம ஆளுங்க அப்பவே சொல்லிட்டாங்க" கோஷ்டியில் நான் கிடையாது. தொல்காப்பியர் பேசியது செய்யுளைப் பற்றி, பிபியைப் பற்றி இல்லை. ஆனாலும் சிறுமையையும் பட்டியலில் சேர்த்தாரே, அது எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. எறும்புக் கூட்டத்தைப் பார்த்தும் ஒருத்தன் மலைத்துப் போகலாம்.

யோசெமிட்டிக்குத் திரும்புவோம். 1890-ல் சுற்றியுள்ள காடுகள் தேசியப் பூங்கா ஆயின, மியூரின் எழுத்துக்கு அதில் பெரிய பங்கு. 1903 மே மாசம் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் வந்தார். விருந்து, வாணவேடிக்கை எல்லாம் ஏற்பாடு. எதுவும் வேண்டாம் என்று மியூரோடு மூணு ராத்திரி வெட்டவெளியில் படுத்தார். ஒரு ராத்திரி பனி பெய்து போர்வை மேலேயே படிந்துவிட்டது. எழுந்ததும் சின்னப் பையன் மாதிரி குதித்தாராம். இந்த ரூஸ்வெல்ட் 1884 பிப்ரவரி 14 அன்று ஒரே நாளில் அம்மாவையும் மனைவியையும் பறிகொடுத்தவர். அப்போதும் அவர் துக்கம் ஆற்றப் போனது டகோட்டாவின் வெட்டவெளிக்குத்தான். 1906-ல் பள்ளத்தாக்கும் தேசியப் பூங்காவோடு சேர்ந்தது.

எல்லாம் சுபம் என்று முடிக்கத்தான் ஆசை. ஆனால் அதே பூங்காவுக்குள் ஹெட்ச் ஹெட்ச்சி என்று இன்னொரு பள்ளத்தாக்கு இருந்தது. யோசெமிட்டிக்குத் தம்பி மாதிரி. 1906 பூகம்பத்திலும் தீயிலும் நாசமான சான் பிரான்சிஸ்கோ, குடிதண்ணீருக்கு அங்கே அணை கட்டக் கேட்டது. மியூர் கடைசிவரை எதிர்த்துப் போராடினார். 1913-ல் சட்டம் நிறைவேறியது. அடுத்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் நிமோனியாவில் செத்துப்போனார். 1923-ல் அணை தயார். இதைப் படிக்கும்போது என் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணி இருந்தது. சான் பிரான்சிஸ்கோவில் குழாயில் வருவது பெரும்பாலும் அந்தத் தண்ணிதான். நாலு மாசமாக அந்தப் பள்ளத்தாக்கைக் குடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். லட்சக்கணக்கான பேருக்குத் தாகம் தீர்க்கிற தண்ணி. தண்ணி லாரி பின்னாடி குடத்தோடு ஓடி வளர்ந்தவன் நான், அணை கட்டியது தப்பு என்று வாய் கூசாமல் சொல்ல என்னால் முடியவில்லை.

மியூரைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். மலையையும் மரத்தையும் அணிலையும் அப்படிக் கொண்டாடியவர், அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளைப் பற்றி ஆரம்ப காலத்தில் அருவருப்போடு எழுதியிருக்கிறார். அவர் சேர்ந்து தொடங்கிய சியரா கிளப்பே 2020-ல் அதற்காக வருத்தம் தெரிவித்தது. அவானீச்சிகள் தங்கள் சொந்த மண்ணில் பூங்கா வேலையாட்களாகச் சின்னச் சின்ன வீடுகளில் இருக்க அனுமதிக்கப்பட்டார்கள். 1969-ல் அந்தக் கடைசிக் குடியிருப்பையும் இடித்துவிட்டார்கள். ஆக, பன்னல் மட்டும் கிடையாது. உடம்பைக் குணமாக்குகிற அதே பிரமிப்பு, பக்கத்தில் நிற்கிற மனுஷனைப் பார்க்கிற கண்ணைத் தானாகத் திறந்துவிடுவதில்லை.

இனி லேப் சமாச்சாரம். 2015-ல் ஜெனிபர் ஸ்டெல்லார் என்பவரும் சகாக்களும் மாணவர்களிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். உடம்பில் அழற்சியைக் காட்டுகிற இன்டர்லூக்கின்-6 என்ற புரதம், அடிக்கடி நல்ல உணர்ச்சிகளை அனுபவிக்கிறவர்களிடம் குறைவாக இருந்தது. அதில் மற்ற உணர்ச்சிகளைவிட பிரமிப்புக்குத்தான் தொடர்பு வலுவாக இருந்தது. கவனியுங்கள், தொடர்பு. எது காரணம் எது விளைவு என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. உடம்பு நல்லா இருக்கிறவன் ஊர் சுற்றி மலைத்துப் போகிறானோ என்னவோ. 2017-ல் யாங் பை என்பவரின் ஆய்வு எங்கே நடந்தது தெரியுமா? யோசெமிட்டியிலேயே. மலையைப் பார்க்க வந்தவர்களிடமும், சான் பிரான்சிஸ்கோ ஃபிஷர்மென்ஸ் வார்ஃப் என்ற கடைத்தெருவுக்கு வந்தவர்களிடமும் பேப்பர் கொடுத்து "உங்களை வரையுங்கள்" என்றார்கள். மலைக்கு வந்தவர்கள் தங்களைச் சின்னதாக வரைந்தார்கள். "நான்" சுருங்குகிறது.

2020-ல் வெளியானது இன்னொன்று. வர்ஜீனியா ஸ்டர்ம் குழு, வயதானவர்கள் ஐம்பத்திச் சொச்சம் பேர், எட்டு வாரம். வாரத்துக்கு ஒரு தடவை பதினஞ்சு நிமிஷம் வெளியே நடக்கணும். ஒரு பாதிப் பேருக்கு மட்டும், போகிற வழியில் பிரமிப்பூட்டுகிற எதையாவது குழந்தை மாதிரி பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அவர்களுக்கு அன்றாட மனவேதனை மற்ற பாதியைவிட அதிகமாகக் குறைந்தது. செல்ஃபி வேறு எடுக்கச் சொன்னார்கள். வாரம் போகப் போக அவர்கள் போட்டோவில் அவர்கள் உருவம் சின்னதாகிக்கொண்டே வந்தது, சிரிப்பு பெரிசாகிக்கொண்டே வந்தது. ஆள் எண்ணிக்கை ரொம்பக் குறைவுதான். ஆனால் அந்த செல்ஃபி விஷயத்தைப் படித்ததும் என் போனைத் திறந்து பார்த்தேன். கோல்டன் கேட் போட்டோவில் முக்கால்வாசி என் மூஞ்சி. யோசெமிட்டியில் எடுத்த எதிலும் நான் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

எனக்குப் புரிந்த அளவில் அந்த ராத்திரி நான் தூங்கியதன் ரூட் காஸ் இதுதான். எமர்ஜென்சிக்கு ஓடிய ராத்திரியில் உலகத்தில் என் நெஞ்சு மட்டும்தான் இருந்தது. ஒவ்வொரு துடிப்பையும் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றபோது எண்ணுகிறவனை ஒரு பத்து நிமிஷம் காணவில்லை. பெரிய தத்துவமெல்லாம் இல்லை, லூப்பிலிருந்து வெளியே வந்தேன், அவ்வளவுதான்.

ஓம்ஸ்டெட்டுக்குக் கடைசியில் மூளை தளர்ந்து ஞாபகம் போய்விட்டது. 1898-ல் மெக்லீன் மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். அந்த மருத்துவமனைக்கு இடம் தேர்ந்தெடுக்க ஆலோசனை சொன்னவரே அவர்தான். 1903-ல், ரூஸ்வெல்ட் பனிக்குள் படுத்து எழுந்த அதே வருஷம், அங்கேயே இறந்தார். மரம் செடியைப் பார்த்தால் மூளை தப்பிக்கும் என்று நம்பியவருக்கு இப்படி ஆச்சே என்று எனக்கு ரெண்டு நாள் மனசு சரியில்லை.

செப்டம்பரில், ஊருக்குக் கிளம்புவதற்கு ரெண்டு வாரம் முன்னாடி, தனியாக ஒரு தடவை போனேன். இந்த முறை பள்ளத்தாக்கில் மியூசியத்துக்குப் பின்னால் இருக்கிற மரப்பட்டைக் குடிசைகளை முதலில் பார்த்தேன். 1969-ல் இடிபட்ட இடத்தில் தங்கள் கிராமத்தைத் திரும்பக் கட்டிக்கொள்ள அந்த மக்களுக்கும் பூங்காவுக்கும் 2018-ல் ஓர் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. அப்புறம் மேலே டயோகா ரோட்டில் ஏறி டெனாயா ஏரிக்குப் போனேன். பனிக்காலம் நீண்டதால் அந்த வருஷம் ஜூலை கடைசியில்தான் அந்த ரோட்டையே திறந்திருந்தார்கள். சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். ஏரியைச் சுற்றி இருக்கிற கருங்கல் சரிவுகளைப் பனியாறு தேய்த்துத் தேய்த்து மெருகு போட்டு வைத்திருக்கிறது. சாய்ந்த வெயில் பட்டதும் மொத்தச் சரிவும் எண்ணெய் தேய்த்த அம்மிக்கல் மாதிரி மின்னியது. பெரியவர் சொன்னது சரிதான். அந்த ஏரிக்கு ஏற்கெனவே பேர் இருக்கிறது.